ராணியின் தாய்வீடு

நம் பக்கத்தில் ஒரு கல்யாணப் பேச்சு தொடங்கினால் முதலில் எழும் கேள்வி, "பெண் யார் வீட்டுப் பெண்?" என்பதுதான். "இன்னாருடைய மகள்" என்று பதில் சொல்லி யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது. அம்மாவுக்கு எந்த ஊர், அம்மாவைப் பெற்றவள் எங்கிருந்து வந்தவள், தாய்மாமன் எப்படிப்பட்டவர், அத்தையை யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று விசாரணை கிளை விட்டுப் போய்க்கொண்டே இருக்கும். பத்து ஏக்கர் புஞ்சை உள்ள குடும்பத்துக்கே இவ்வளவு விசாரணை நடக்கிறது. ஆனால் ஒரு ராஜ்யத்துக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணைப் பற்றி எழுதும்போது மட்டும் நம்முடைய சரித்திர நூல்களும் சரித்திரக் கதைகளும் இரண்டு பெயர்களோடு திருப்தி அடைந்துவிடுகின்றன. ஒன்று தகப்பன் பெயர். மற்றொன்று புருஷன் பெயர். தாயின் பெயர் தெரிந்திருந்தால் அதை ஒரு தரம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தத் தாய் யார், அவள் வழியாக அந்தப் பெண்ணுக்கு என்ன வந்தது என்பதை ஒருவரும் கேட்பதில்லை.

இதனால் என்ன குடி முழுகிப் போயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். கதை முழுகிப் போகிறது என்பது என் பதில். சேது நாட்டைப் பற்றிய கதைகளை எடுத்துக்கொண்டு இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

பாம்பனுக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் தங்கச்சிமடம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதற்குச் சற்று மேற்கே அக்காள்மடம். ராமேசுவரம் போகிறவர்கள் இந்தப் பெயர்களைப் படித்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். இன்று அந்த ஊரை மல்லிகை நாற்றுக்காகத் தெரிந்து வைத்திருப்பவர்கள் அதிகம். மணல் தரையில் பதியன் போட்டு வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். பெயருக்குக் காரணமாக அந்தப் பக்கத்தில் வழங்கும் கதை மல்லிகையைப் போல மென்மையானதல்ல.

விஜயரகுநாத சேதுபதி என்று ஒரு மன்னர். 1710-ஐ ஒட்டிப் பட்டத்துக்கு வந்து சுமார் பதினைந்து வருஷங்கள் ஆண்டவர். அவர் தம் பெண்கள் இருவரையும் ஒருவனுக்கே மணம் செய்து கொடுத்து, தீவின் நிர்வாகத்தையும் மருமகனிடம் ஒப்படைத்திருந்தாராம். மருமகன் கால்வாயைக் கடந்து வரும் யாத்ரிகர்களிடம் வரி வாங்கினான். சேதுவைக் காப்பவர் என்பதே சேதுபதி என்ற பட்டத்துக்குப் பொருள். யாத்ரிகன் மடியில் கை வைப்பது சிவத்துரோகம் என்று மன்னர் அவனைக் கொல்லும்படி உத்தரவிட்டார். பெண்கள் இருவரும் உடன்கட்டை ஏறினார்கள். அக்காள் மாண்ட இடத்தில் ஒரு மடம், தங்கச்சி மாண்ட இடத்தில் ஒரு மடம், யாத்ரிகர்கள் தங்கிப் போவதற்காக ஏற்பட்டன.

இந்தக் கதையை எழுத்தில் எடுத்தாள்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எடுத்தாள்கிறார்கள். மனுநீதிச் சோழன் கதையின் இன்னொரு பிரதியாக ஆக்கிவிடுகிறார்கள். நீதி தவறாத மன்னர் நடுவில் நிற்கிறார். பெண்கள் கடைசிப் பாராவில் வந்து, கற்பின் கனல் என்று இரண்டு வார்த்தை வாங்கிக்கொண்டு நெருப்பில் இறங்கிவிடுகிறார்கள். எழுதுகிறவருக்கு வேலை சுலபமாக முடிந்துவிடுகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். மருமகனுக்குத் தண்டனை விதிக்கும்போது, தன் பெண்களுக்கும் சேர்த்தே விதிக்கிறோம் என்பது அந்தத் தகப்பனுக்குத் தெரியாதா? விஜயரகுநாதருக்கு முன் ஆண்ட கிழவன் சேதுபதி 1710-இல் இறந்தபோது 47 மனைவியர் உடன்கட்டை ஏறியதாக அக்காலத்து ஏசு சபைப் பாதிரியார் ஒருவர் கடிதத்தில் எழுதிவைத்தார். அந்த வழக்கத்தின் நடுவில் பட்டத்துக்கு வந்தவர் இவர். தெரியாமல் இருக்க நியாயமில்லை. தெரிந்தே செய்தார் என்றால் கதை நீதியைப் பற்றியதாக இல்லாமல் வேறொன்றைப் பற்றியதாகிவிடுகிறது. அந்த வேறொன்றை எழுதத்தான் கதாசிரியன் வேண்டும். பெண்களைப் பெற்ற தாய் அன்று அரண்மனையில் எந்த அறையில் இருந்தாள், அவள் ஒரு வார்த்தை சொன்னாளா என்று கேட்டாலே போதும். கதை தானாகப் புரண்டு படுக்கும்.

இன்னொரு விஷயம். இதே விஜயரகுநாத சேதுபதிக்கு அகிலாண்டேசுவரி நாச்சியார் என்று மற்றொரு மகள் உண்டு. இவர் பட்டத்து ராணி வயிற்றில் பிறந்தவரல்லர் என்று சில வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இவரை நாலுகோட்டைப் பெரிய உடையத் தேவரின் மகன் சசிவர்ணத் தேவருக்கு மணம் செய்து கொடுத்து, ஆயிரம் வீரர்களை வைத்துக் காப்பாற்றும் அளவுக்கு நிலமும் கொடுத்தார்கள். அந்தச் சீதன நிலந்தான் பின்னால் சிவகங்கைச் சீமைக்கு வித்து. தங்கச்சிமடத்துக் கதை ஒரு புத்தகத்தில் இருக்கிறது. சிவகங்கைக் கதை மற்றொரு புத்தகத்தில் இருக்கிறது. மூன்று பெண்களையும் ஒரே தகப்பனின் மக்களாக ஒரே பக்கத்தில் நிறுத்திப் பார்த்த கதையை நான் படித்ததில்லை. ஒருத்திக்குச் சீமை கிடைத்தது. இருவருக்கு நெருப்பு கிடைத்தது. இதற்கு மேல் ஒரு நாவலுக்கு என்ன வேண்டும்?

வம்சாவளி எழுதும் முறையே இதற்கெல்லாம் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கட்டத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் போட்டு, மன்னர் பெயர்களைக் கோடுகளால் இணைத்துக்கொண்டு போகிறோம். தகப்பன், மகன், பேரன். கோடு நேராக இறங்காத இடத்தில் "உறவினர்" என்று எழுதிச் சமாளிக்கிறோம். ஆனால் மறவர் சமூகத்தின் பல பிரிவுகளில் கிளை என்று ஒன்று உண்டு. அது தாய் வழியே வருவது. மகனும் மகளும் தாயின் கிளையைச் சேர்ந்தவர்கள். தகப்பனின் கிளை வேறு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலிலேயே இது பதிவாகியிருக்கிறது. பட்டமும் பெயரும் தகப்பன் பக்கம் பார்க்கின்றன. கிளை தாய் பக்கம் பார்க்கிறது. இப்படி இரட்டை இழையில் நெய்த துணியிலிருந்து ஓர் இழையை உருவி எறிந்துவிட்டு, மிச்சத்துக்கு வம்சாவளி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

உருவிய இழை எவ்வளவு வலுவானது என்பதற்குப் பவானி சங்கரத் தேவர் ஒருவரே போதும். இவர் கிழவன் சேதுபதியின் மகன். தகப்பன் யார் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. தாய் உரிய குலத்தவள் அல்ல என்று சொல்லித்தான் இவரை ஒதுக்கி, விஜயரகுநாதரைப் பட்டத்தில் வைத்தார்கள். பின்னால் பவானி சங்கரர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டார். சசிவர்ணத் தேவரையும் அவருடைய நிலத்திலிருந்து விரட்டினார். சசிவர்ணர் தஞ்சாவூர் மராத்தியரிடம் போனார். அங்கே சேதுபதி வம்சத்துக் கட்டையத் தேவரும் வந்து சேர்ந்தார். தஞ்சைப் படையோடு திரும்பிப் பவானி சங்கரரை வென்றபின், 1730-ஐ ஒட்டி, சேது நாடு ஐந்து பங்காயிற்று. மூன்று பங்கு கட்டையத் தேவருக்கு. இரண்டு பங்கு சசிவர்ணத் தேவருக்கு. தாய்க் குறை சொல்லி ஒரு மகனுக்குச் சிம்மாசனத்தை மறுத்த அதே குடும்பத்தில், அதே குறை சொல்லப்பட்ட ஒரு மகளின் கல்யாணத்திலிருந்து தனி ராஜ்யம் ஒன்று பிறந்தது. இதைச் சரித்திரத்தின் விசித்திரம் என்று சொல்லி நகர்ந்துவிடக் கூடாது. மகனை எடைபோட்ட தராசு வேறு, மகளை எடைபோட்ட தராசு வேறு. பட்டத்துக்குப் போட்டியிட முடியாதவள் என்பதாலேயே மகளிடம் தாராளம் காட்ட முடிந்தது.

புதுக்கோட்டைக் கதையும் இதற்குத் தூரமில்லை. கிழவன் சேதுபதியின் ராணிகளில் ஒருவர் காதலி நாச்சியார். கள்ளர் குலத்தவர், ரகுநாதராயத் தொண்டைமானின் சகோதரி. சேதுபதியின் மைத்துனரான அந்தத் தொண்டைமானே பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் புதுக்கோட்டைத் தொண்டைமான் வம்சத்தை ஸ்தாபித்தவர். அந்த ராஜ்யம் 1948 வரை இருந்தது. ஆக, ராமநாதபுரத்தைச் சுற்றி எழுந்த இரண்டு சீமைகளும் இரண்டு ராணிகளின் கல்யாணங்களிலிருந்து புறப்பட்டவை. தேசப்படத்தில் எல்லைக்கோடு என்று நாம் பார்ப்பது உண்மையில் பெண் கொடுத்து, பெண் எடுத்த கோடு. இதை வைத்துக்கொண்டு ரத்தத் தூய்மை பேசுகிறவர்கள் மேடையில் எவ்வளவு உரக்கப் பேசினாலும் ராணிகளின் தாய்வீடுகள் அதை ஒப்புக்கொள்ளா.

இனி வேலு நாச்சியாரிடம் வருவோம். இவரைப் பற்றி நாடகம், நாட்டிய நாடகம், கதை, மேடைப் பேச்சு என்று நிறைய வந்துவிட்டன. 2008-ஆம் வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதி தபால் தலையும் வெளியாயிற்று. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் இந்தப் படைப்புகளில் பலவும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. ராமநாதபுரம் அரண்மனை, செல்லமுத்து சேதுபதி சிம்மாசனத்தில் வீற்றிருக்கிறார், ஒரே மகள் வேலு நாச்சியார் இளவரசியாகப் பிறக்கிறாள், வாளும் சிலம்பமும் கற்கிறாள், இளவரசியாகவே மணமாகிறாள்.

இவர் பிறந்தது 1730 என்றும், சிவகங்கை முத்து வடுகநாதத் தேவரை மணந்தது 1746 என்றும் இதே புத்தகங்கள் சொல்கின்றன. செல்லமுத்து சேதுபதி பட்டத்துக்கு வந்ததோ 1740-களின் கடைசியில், அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு. இரண்டு செய்திகளும் சில சமயம் ஒரே புத்தகத்தில் பத்துப் பக்க இடைவெளியில் இருக்கின்றன. எழுதியவர் கூட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கணக்குப்படி வேலு நாச்சியார் பிறந்தபோது சிம்மாசனத்தில் இருந்தவர் அவருடைய தகப்பனார் அல்லர். மணமேடை ஏறியபோதும் அல்லர். அரச குலத்தின் ஒரு கிளையில் பிறந்த பெண். சேது நாடு பிளந்து சிவகங்கை பிறந்த அதே காலத்தில் பிறந்த பெண். பிளந்துபோன பாதியிலிருந்து மற்றப் பாதிக்குப் பதினாறு வயதில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு பங்காளிச் சீமைகளுக்கு நடுவில் பாலமாகப் போடப்பட்ட பெண்ணின் கதை, சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டிய கதையைவிட எவ்வளவோ சுவாரஸ்யமானது. ஆனால் வீரம் வேண்டுமென்றால் அது மன்னன் மகளுக்குத்தான் வரும் என்று நம் கதாசிரியர்களுக்கு ஒரு நம்பிக்கை. தகப்பனைச் சில வருஷங்கள் முன்னதாகவே சிம்மாசனத்தில் உட்கார வைத்தால்தான் மகள் கையில் வாள் நிற்கும் என்று நினைக்கிறார்கள். இது வேலு நாச்சியாருக்குச் செய்யும் மரியாதையா? அவர் பின்னால் செய்த காரியங்களுக்கு அந்த முட்டுக்கட்டை தேவையே இல்லை.

செல்லமுத்து சேதுபதி 1760-களின் தொடக்கத்தில் காலமானார். பட்டம் யாருக்குப் போயிற்று? மகளுக்கோ மருமகனுக்கோ போகவில்லை. அவருடைய சகோதரி முத்து திருவாயி நாச்சியாரின் கைக்குழந்தை முத்துராமலிங்கத்துக்குப் போயிற்று. குழந்தைக்காகத் தாய் ஆட்சியைப் பார்த்துக்கொண்டார். கட்டம் போட்டு எழுதும் வம்சாவளியில் இந்த இடத்தில் கோடு குறுக்கே தாவும். தாய் வழிக் கிளையைப் பார்த்தால் தாவலே இல்லை. அண்ணனும் தங்கையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். தங்கையின் மகனும் அதே கிளை. செல்லமுத்துவின் மகள் வேலு நாச்சியாரோ தம் தாயின் கிளை. சேதுபதியின் ஒரே மகள் என்று நாம் மார் தட்டிக்கொள்ளும் அதே பெண், கிளைக் கணக்கில் சேதுபதிக்கு வெளியாள். இந்த ஒரு முடிச்சை அவிழ்த்துக் காட்டாமல் வேலு நாச்சியாரின் பூர்வீகத்தை எழுதிவிட்டோம் என்று சொல்ல முடியாது.

இதன் பலனையும் பாருங்கள். 1772 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஆற்காட்டு நவாபின் படையும் கம்பெனிப் படையும் ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தன. முத்து திருவாயி நாச்சியாரையும் குழந்தைகளையும் திருச்சிராப்பள்ளியில் சிறை வைத்தார்கள். அதே மாதம் 25-ஆம் தேதி காளையார்கோவிலில் முத்து வடுகநாதர் கொல்லப்பட்டார். வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியோடு தப்பி விருப்பாச்சிக்குப் போனார். ஒரே மாதத்தில் அத்தைக்குச் சிறை, மருமகளுக்கு வனவாசம். முத்து திருவாயி அத்தைதான். வேலு நாச்சியார் அவருடைய அண்ணன் மகள்தான். இருவரும் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ராஜ்யத்தை இழந்தவர்கள். விருப்பாச்சியில் கோபால நாயக்கரின் ஆதரவும், ஹைதர் அலியின் உதவியும் கிடைத்து 1780-இல் வேலு நாச்சியார் சீமையை மீட்டார். அடுத்த வருஷம் திருச்சியில் முத்துராமலிங்கம் விடுதலை பெற்று, நவாபின் தயவில் பட்டத்துக்குத் திரும்பினார். ஒரு வழி போர், மற்றொரு வழி பொறுமை. இந்த இரண்டு பெண்களையும் எதிரெதிரே வைத்து எழுதினால், எந்த வழி சரி என்ற கேள்வி வாசகன் மனத்தில் தானாக எழும். வெற்றியைக் கொண்டாடும் அவசரத்தில் அத்தையைக் கதையிலிருந்தே விலக்கிவிட்டோம். பெண்ணின் தாய்வீட்டை விசாரிக்காமல் எழுதும்போது நேரும் நஷ்டம் இதுதான்.

நம் புலவர்களும் செப்பேடு வெட்டியவர்களும் கேட்காத கேள்விகளைப் பிற்காலத்தில் நீதிமன்றம் கேட்டது. 1801-இல் கம்பெனியார் சிவகங்கை ஜமீனைக் கௌரி வல்லபத் தேவருக்குக் கொடுத்தார்கள். அவர் 1829-இல் இறந்தார். மணந்தவர்கள் ஏழு பேர். அப்போது உயிரோடிருந்தவர்கள் மூன்று பேர். அண்ணன் மகன் ஜமீனை எடுத்துக்கொண்டார். மனைவியர் வழக்காடினார்கள், பின்னால் மகள் வழக்காடினார். எந்த மனைவி எப்போது வந்தாள், யாருக்கு யார் பிறந்தார்கள், சொத்து குடும்பத்தினுடையதா, கௌரி வல்லபர் தாமே அடைந்ததா என்று விசாரணை முப்பத்து நான்கு வருஷம் நடந்தது. 1863-இல் லண்டன் பிரிவி கௌன்ஸில், அது அவர் தாமே அடைந்த சொத்து என்று முடிவு செய்து, மகள் காத்தம நாச்சியாருக்குத் தீர்ப்பளித்தது. ஹிந்து சொத்துரிமைச் சட்டம் படித்தவர்களுக்குச் சிவகங்கை வழக்கு என்றால் தெரியும்.

ஐந்து வருஷம் கழித்து, 1868-இல், ராமநாதபுரம் வழக்கு அதே பிரிவி கௌன்ஸிலில் முடிந்தது. விதவையான ராணி பர்வதவர்த்தனி நாச்சியார், கணவர் அனுமதி கொடுத்துவிட்டுப் போகாத நிலையில், கணவரின் பங்காளிகள் சம்மதத்தோடு செய்துகொண்ட சுவீகாரம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. சுவீகாரம் வந்தவர் ராணியின் சகோதரி மகன் முத்துராமலிங்கம். 1893-இல் விவேகானந்தர் சிக்காகோ போவதற்குத் துணை நின்ற பாஸ்கர சேதுபதி அவருடைய மகன். மதுரைத் தமிழ்ச் சங்கம் 1901-இல் தோன்றக் காரணமான பாண்டித்துரைத் தேவர், அவருடைய அண்ணன் பொன்னுசாமித் தேவரின் மகன். சேதுபதிகளின் தமிழ்ப் பணி என்று நாம் போற்றுவதில் பெரும்பகுதி, ஒரு ராணி தம் உடன்பிறந்தவள் வீட்டிலிருந்து கொண்டுவந்து சேர்த்தது.

வக்கீல்கள் சொத்துக்காகக் கேட்டார்கள், உண்மைக்காகக் கேட்கவில்லை. அது எனக்கும் தெரியும். என்றாலும் அந்த வழக்குக் காகிதங்களில் மனைவியருக்கும் மகள்களுக்கும் பெயர் இருக்கிறது, வரிசை இருக்கிறது, வார்த்தை இருக்கிறது. சொத்துக்காக வாதாடியவர்கள் கேட்ட அளவுக்காவது கதைக்காக வாழ்கிறவர்கள் கேட்க வேண்டாமா?

பூர்வீகம் தேடுவதில் இன்னொரு அபாயமும் உண்டு. இப்போது வேலு நாச்சியாரின் வம்சத்தைத் தேடுகிறவர்களில் சிலர், அவர் தங்களைச் சேர்ந்தவர் என்று ஒரு ரசீது வாங்குவதற்காகவே தேடுகிறார்கள். ரசீது கிடைத்ததும் தேடல் நின்றுவிடுகிறது. நான் சொல்லும் தேடல் அதற்கு நேர் எதிரானது. தாய், தாயின் தாய், அத்தை, நாத்தனார் என்று போகப் போக, "எங்களவர்" என்று போட்ட வேலி ஒவ்வொன்றாக விழும். கள்ளர் வீட்டுப் பெண் மறவர் அரண்மனையில் இருப்பாள். மறவர் வீட்டு ராணிக்கு நாயக்கர் பாளையத்தில் அடைக்கலம் கிடைத்திருக்கும். முஸ்லிம் மன்னர் துணை நின்றிருப்பார். தனி ஒருத்தியின் பெருமைக்காகத் தொடங்கிய விசாரணை ஒரு நாட்டின் உறவுமுறையாக விரியும்.

இந்த விஷயத்தில் படித்தவர்களைவிடத் தங்கச்சிமடத்துக்குப் பெயர் வைத்தவர்கள் நுட்பமானவர்கள் என்று நினைக்கிறேன். மன்னர் மகள் மடம் என்று வைத்திருக்கலாம். ஆளுநர் மனைவி மடம் என்றும் வைத்திருக்கலாம். இரண்டும் இல்லாமல் அக்காள், தங்கச்சி என்று வைத்தார்கள். தண்டித்த தகப்பனுக்கும் தண்டனை பெற்ற புருஷனுக்கும் அந்தப் பெயரில் இடமில்லை. அக்காள் யாருக்கு அக்காள்? தங்கச்சிக்கு. தங்கச்சி யாருக்குத் தங்கச்சி? அக்காளுக்கு. அந்தப் பெண்களுக்கு மிச்சமிருந்த உறவு அது ஒன்றுதான் என்பதை அந்த ஜனங்கள் கண்டுகொண்டார்கள்.

ஆகவே சரித்திரக் கதை எழுதுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ராணியைப் பல்லக்கில் ஏற்றுவதற்கு முன்னால், கல்யாண வீட்டுக் கிழவி கேட்பதுபோல் நாலு கேள்வி கேளுங்கள். பதில் கிடைக்காத இடத்தில் சிம்மாசனத்தை இழுத்துப் போட்டு மறைக்காதீர்கள். அந்த இடம் காலியாகவே தெரியட்டும். வாசகர்களும் ஒன்று செய்யலாம். அடுத்த தரம் ஒரு சரித்திர நாவலைக் கையில் எடுக்கும்போது, கதாநாயகியின் தாய் உயிரோடு இருக்கிறாளா, அவளுக்கு ஒரு வார்த்தையாவது பேசக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ராணி யார் வீட்டுப் பெண் என்பது எழுதியவருக்கே தெரியாது.